நுண்பொழுதும் ஒளியிழையும்

ஒளியை விரும்பாத உயிர் இல்லை. ஞாயிற்றை நோக்கித் தளிர் வளைகிறது. விளக்கை நோக்கிக் குழந்தை தவழ்கிறது. நம் நாட்டினர் ஒளியைத் தொழுதனர். விழாக்காலத்தில் அதனைக் கொண்டு விளையாடவும் செய்தனர். சிவகாசியும் அதனைச் சூழ்ந்துள்ள நாரணாபுரம் முதலிய ஊர்களும் அவ்விளையாட்டுக்கு வேண்டிய பொருள்களை நாடு முழுமைக்கும் ஆக்கி அளிப்பவை. ஸ்டிரான்சியம் என்னும் உலோகத்தின் உப்புச் செந்நிறம் தரும் என்பதும், செம்பின் உப்பு நீலம் தரும் என்பதும், சோடியத்தின் உப்பு மஞ்சள் தரும் என்பதும் இங்குள்ள தொழிலாளர்க்குக் கைவந்த உண்மைகள். இவ்வாறு ஒளியே தொழிலாக வாழும் மக்கள், ஒளியைப் பற்றி இன்று உலகில் நடைபெறும் ஆராய்ச்சிகளைக் கேட்டால், “இவை நமக்கு எதற்கு?” என்று கூறி அகல்வதைக் காண்கிறோம். அவ்வாறு அகல்தல் தகாது என்பதும், அவ்வாராய்ச்சி நமக்கு உறவுடையது என்பதும், நம் உயிருக்கே ஒருநாள் அது துணையாகலாம் என்பதும் என் கருத்து. அதனைக் காரணங் காட்டி நிறுவ முயல்கிறேன்.

முதற்கண் காலத்தின் சிறுமையைக் கருதுவோம். தொல்காப்பியர் எழுத்தொலியின் அளவைக் கூற வந்தபோது, கண் இமைக்கும் பொழுதையும் கை நொடிக்கும் பொழுதையும் மாத்திரைக்கு அளவாக வைத்தார். எவரும் தம் உடம்பைக் கொண்டே அளந்தறியத்தக்க அழகிய அளவு அது. எண்ணின் சிறுமையிலும் தமிழர் பின்தங்கியவர் அல்லர். ஒன்றை 320 பங்காக்கி அதில் ஒரு பங்கை முந்திரி என்றனர்; அம்முந்திரியையும் 320 பங்காக்கி, ஒரு பங்கைக் கீழ்முந்திரி என்றனர். நிலத்தையும் பொன்னையும் பிழையின்றிப் பகிர வேண்டிய தேவையே இந்நுண்மைக்குக் காரணமாயிற்று. ஆயினும் இன்றைய அறிவியல் கண்டவற்றையெல்லாம் நம் முன்னோர் அன்றே கண்டுவிட்டனர் என்று பேசுதல் பெருமை ஆகாது. அது முயற்சிக்குப் பகையாய் முடியும். தேவை வந்தபோது நுண்மையை நாடினர் முன்னோர் என்பதே நாம் கொள்ளத்தக்க படிப்பினை. இன்று தேவை மாறியிருக்கிறது, நுண்மையும் பெருகியிருக்கிறது.

எவ்வளவு பெருகியிருக்கிறது என்பதைக் காண்போம். ஒரு நொடியைக் கோடி பங்காக்குக. அதில் ஒரு பங்கை எடுத்து மீண்டும் கோடி பங்காக்குக. அவற்றுள் ஒன்றை எடுத்துப் பின்னும் பத்துப் பங்காக்குக. எஞ்சிய அத்துகட் பொழுதுக்குப் பெம்டோ நொடி என்பது பெயர். ஒளி ஒரு நொடியில் ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். அத்தகைய விரைவுடைய ஒளி, 100 பெம்டோ நொடியில் ஒரு தலைமயிரின் தடிப்பளவு தொலைவைக்கூடக் கடக்க இயலாது. இத்துணைச் சிறு பொழுதே நீடிக்கும் ஒளித் துடிப்புகளை ஆக்கவும், அளக்கவும், பணிகொள்ளவும் இன்று மனிதன் கற்றிருக்கிறான். அதற்குத் துணை நிற்பவற்றுள் தலைசிறந்தது, மயிரினும் பெரிது என்று சொல்ல இயலாத ஒரு கண்ணாடி இழை.

ஒளி நேர்கோட்டில் செல்வது. அதனை வளைத்துச் செலுத்துவது எங்ஙனம்? 1840-களில் ஜெனீவா நகரத்துக் கொலாடன் என்பவர், தொட்டியின் துளையிலிருந்து வளைந்து வீழும் நீர்த்தாரையினுள் ஒளியைப் புகுத்தினார். ஒளி நீரைவிட்டு வெளியேறாமல், நீரோடு தானும் வளைந்து வீழ்ந்தது. அடர்வு மிக்க பொருளினுள் செல்லும் ஒளி, அடர்வு குறைந்த பொருளின் எல்லையைச் சாய்வாகத் தொடும்போது, முழுவதும் உள்ளேயே திருப்பப்படுகிறது. இதனை முழு அக எதிரொளிப்பு என்பர். நீர்த்தாரைக்கு மாற்றாகக் கண்ணாடி இழையைக் கொண்டால் ஒளியை வேண்டியவாறு வளைத்துச் செலுத்தலாம் அன்றோ? பஞ்சாபில் மோகா என்னும் ஊரில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, இலண்டன் மாநகரில் ஹாப்கின்ஸ் என்னும் பேராசிரியரோடு சேர்ந்து, இழைக் கற்றையின் வழியே உருவங்களைச் செலுத்திக் காட்டி, 1954-இல் அதனை வெளியிட்டார். எனினும் அக்காலத்து இழைகளில் ஒளி சிறிது தொலைவிலேயே மங்கியது. மங்குவதற்குக் காரணம் கண்ணாடியின் இயல்பன்று, அதில் கலந்த அழுக்கே என்று சார்லசு காவோ 1966-இல் எடுத்துரைத்தார். நான்கு ஆண்டுகளில் அமெரிக்க நாட்டுக் கார்னிங் நிறுவனத்தார் தூய இழையை வடித்தெடுத்தனர். இன்று கடலடியில் கண்டங்களை இணைப்பவை அவ்விழைகளே. காவோவுக்கு 2009-இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

இனி, இழையினுட் செல்லும் ஒளியைக் கருதுவோம். 1960-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள் மெய்மன் என்னும் அமெரிக்கர் மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசர் ஒளியை உண்டாக்கினார். விளக்கின் ஒளி சந்தைக் கூட்டம் போன்றது; ஒவ்வோர் அலையும் தன் போக்கில் செல்லும். லேசர் ஒளி அணிவகுத்துச் செல்லும் படை போன்றது. அதனைச் சிறு துடிப்புகளாக ஆக்கும் முறைக்குக் கோலாட்டத்தை உவமை கூறலாம். ஆடுவோர் பலர், அசைவுகளும் பல. ஆயினும் எல்லாக் கோல்களும் ஒரே கணத்தில் தட்டும்போது ஒரே ஓசை எழுகிறது. அவ்வாறே சிறிது சிறிது வேறுபட்ட பல நிற அலைகளை ஒத்திசையச் செய்தால், அவை ஒருங்கு கூடும் கணத்தில் மட்டும் ஒளி ஓங்கி எழும். மற்றைப் பொழுதில் ஒன்றையொன்று அழித்து அடங்கும். ஒத்திசையும் நிறங்கள் எவ்வளவு மிகுகின்றனவோ, அவ்வளவு துடிப்புச் சுருங்கும்.

ஆனால் ஓர் இடர்ப்பாடு உண்டு. கண்ணாடியில் எல்லா நிறங்களும் ஒரே விரைவில் செல்வதில்லை. புறப்படும்போது ஒன்றாய் இருந்த நிறங்கள் வழியில் முன்னும் பின்னுமாய்ப் பிரிய, துடிப்பு நீண்டு தளர்கிறது. இதற்கு மருந்தும் அவ்விழையிலேயே இருந்தது. ஒளியின் செறிவு மிகும்போது கண்ணாடியின் தன்மையே சிறிது மாறும். ஒன்று கலைக்க, ஒன்று கூட்ட, இரண்டும் நிறைகோலின் இரு தட்டுகள் போல் சமன்படுமாயின், துடிப்பு வடிவு மாறாமல் நெடுந்தொலைவு செல்லும். 1834-இல் ஸ்காட்லாந்து நாட்டுக் கால்வாய் ஒன்றில், கரையும் உருவும் கலையாமல் தனித்துச் சென்ற ஓர் அலையை இரசல் என்னும் பொறியாளர் குதிரைமேல் தொடர்ந்து சென்று கண்டார். அத்தகைய தனியலை இழையினுள்ளும் உண்டாகும் என்று 1973-இல் அறிஞர் கணித்தனர். 1980-இல் ஆய்வுக்கூடத்தில் கண்டனர். கால்வாய் நீரிற் கண்ட ஒன்று, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் கண்ணாடி இழையில் பயன்தந்தது. அறிவின் விதை எக்காலத்தில் எந்நிலத்தில் முளைக்கும் என்று யாரால் சொல்ல இயலும்?

சிறப்பு இழைகள் பல வகைப்படும். எர்பியம், இட்டெர்பியம் முதலிய அரிய தனிமங்களைச் சிறிதளவு கலந்து வடித்த இழை, தன்னுட் புகும் ஒளியைப் பெருக்கித் தரும். அதுவே லேசராகவும் ஆகும். கொல்கத்தாவிலுள்ள மையக் கண்ணாடி, மட்பாண்ட ஆராய்ச்சி நிலையத்தார் இத்தகைய இழைகளை நம் நாட்டிலேயே ஆக்கியுள்ளனர். மற்றொரு வகை, நீளம் நெடுகத் தேன்கூடு போல் நுண்துளைகள் நிறைந்தது. இதனை இங்கிலாந்தில் இரசல் என்னும் பெயருடைய மற்றோர் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 1996-இல் வெளியிட்டனர். துளைகளின் அளவையும் இடைவெளியையும் மாற்றி, ஒளி செல்லும் தன்மையையே வேண்டியவாறு அமைக்கலாம் என்பது இதன் சிறப்பு. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர், இத்தகைய இழையில் முக்கால் மீட்டர் நீளத்தை எடுத்து, 100 பெம்டோ நொடித் துடிப்புகளை ஒரு முனையில் புகுத்தினர். புகுந்தது ஒரு நிறம். மறுமுனையில் வெளிப்பட்டதோ ஊதா முதல் சிவப்பு வரையும், அதற்கு அப்பாலும் பரந்த பல நிறம்! மத்தாப்பின் வண்ணங்களைப் புகையும் தீயும் இன்றி ஓர் இழை பொழிந்தது எனலாம்.

இவையெல்லாம் பிற நாட்டார் கதைகள் என்று எண்ணுவோர்க்கு ஒன்று கூறுவேன். மேற்கு மலையின் அடிவாரத்தில், இதே விருதுநகர் மாவட்டத்தில், வத்திராயிருப்பு என்னும் ஊர் இருக்கிறது. அங்கே 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் பிறந்தவர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். அவர் தந்தையார் உழவுத் தொழிலோடு தமிழும் வடமொழியும் கற்றவர். கிருஷ்ணன் மதுரையிலும் சென்னையிலும் பயின்று, கல்கத்தா சென்று, திருச்சிராப்பள்ளியில் பிறந்த சந்திரசேகர வேங்கட இராமனிடம் ஆராய்ச்சியில் அமர்ந்தார். ஒளி ஒரு பொருளினூடே சிதறும்போது அதில் மிகச் சிறு பகுதி, கோடியில் ஒன்று என்னும் அளவினது, தன் நிறம் மாறி வெளிவருகிறது என்பதை 1928-இல் அவர்கள் கண்டனர். அதனை முதலில் உலகுக்கு அறிவித்த மடலில் இருவர் பெயரும் உள்ளன. பிப்ரவரி 28-ஆம் நாளை நாம் அறிவியல் நாளாகக் கொண்டாடுவது அக்கண்டுபிடிப்பு நோக்கியே. 1930-இல் நோபல் பரிசு இராமனுக்கு வழங்கப்பெற்றது. கிருஷ்ணனோ பின்னர் டெல்லித் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராய் விளங்கி, 1961-இல் மறைந்தார்.

இக்கண்டுபிடிப்புக்கும் நாம் பேசிவந்த இழைக்கும் தொடர்பு என்ன? நேரிய தொடர்பே உண்டு. மிகக் குறுகிய துடிப்பு ஒன்று இழையினுள் செல்லும்போது, அதன் நீலப் பக்கத்து ஆற்றல் மெல்ல மெல்லச் சிவப்புப் பக்கத்துக்குக் கைமாறுகிறது. செல்லச் செல்லத் துடிப்பு முழுவதும் நெடிய அலைநீளத்தை நோக்கி நகர்கிறது. 1986-இல் கண்ட இந்நிகழ்ச்சிக்குக் காரணம் இராமன் விளைவே. ஆராய்ச்சியாளர் இன்று இதனைக் கொண்டே வேண்டிய நிறத்து நுண்துடிப்புகளைப் பெறுகின்றனர். பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் இராமன் விளைவால் இயங்கும் இழை லேசர்கள் பற்றி ஆராய்ச்சி நடைபெறுகிறது. ஆகவே உலகின் எம்மூலையில் ஒருவர் இழையினுட் செல்லும் துடிப்பை அளந்தாலும், வத்திராயிருப்பு இளைஞர் உடனிருந்து கண்ட உண்மையை அவர் எண்ணாதிருக்க இயலாது.

இங்கே மற்றொரு பயணமும் நினைவுக்கு வருகிறது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் 1922-இல் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா சென்றனர். கற்று மீண்டு, மழை பொய்க்கும் இக்கரிசல் நாட்டில் அத்தொழிலை நிறுவினர். அதிலிருந்தே வாணவேடிக்கைத் தொழிலும் கிளைத்தது. ஆக அந்தப் பத்தாண்டுக்குள் இவ்வொரு வட்டாரத்திலிருந்து அவ்வொரு நகரத்துக்கு இரு பயணங்கள் நிகழ்ந்தன. ஒன்று தீயைக் கற்கச் சென்றது. மற்றொன்று ஒளியைக் கற்கச் சென்றது. தீ ஊர் திரும்பிற்று. ஆயிரமாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஒளி இன்னும் ஊர் திரும்பவில்லை. அதனை அழைத்து வருதல் நம் தலைமுறையின் கடமை என்பதே என் வேண்டுகோள்.

“வறுமை தீராத நாட்டில், கண்ணுக்குப் புலனாகாத பொழுதை அளக்கப் பொருள் செலவிடலாமோ?” என்று வினவுவார் உளர். வினா நேர்மையானதே. அதற்கு விடையாக ஒரு வரலாற்றைக் கூறுகிறேன். 1985-இல் அமெரிக்காவிலுள்ள ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டோனா ஸ்டிரிக்லண்ட் என்னும் பெண்மணி, மூரூ என்னும் பேராசிரியரிடம் ஆய்வு மாணவியாய் இருந்தார். நுண்துடிப்பின் வலிமையைப் பெருக்க முயன்றால், பெருக்கும் கருவியே அத்துடிப்பால் சிதைந்துபோகும் என்பது அக்காலத்துத் தடை. அவர்கள் துடிப்பை நெடிய ஒளியிழையில் செலுத்தி நீளச் செய்தனர். நீண்டு தளர்ந்த நிலையில் அதன் வலிமையைப் பெருக்கினர். இறுதியில் மீண்டும் சுருக்கினர். சிவகாசியார்க்கு இது எளிதில் விளங்கும். அணுகுண்டு என்னும் வெடியில் உள்ள மருந்தையே சரவெடியாகப் பகிர்ந்து தொடுத்தால் ஓசை ஒன்றன்பின் ஒன்றாய்ப் பரவும் அன்றோ? பரவச் செய்து வலிமை ஏற்றிப் பின்னர் ஒரே கணத்தில் குவித்தனர் அவர்கள். இரண்டரைக் கிலோமீட்டர் இழை வாங்கினர். அஃது இடையே முறிந்து போகவே, எஞ்சிய 1.4 கிலோமீட்டரைக் கொண்டே பணி முடித்தனர். 2018-இல் இருவரும் நோபல் பரிசிற் பங்கு பெற்றனர். இயற்பியலில் அப்பரிசு பெற்ற பெண்களுள் ஸ்டிரிக்லண்ட் மூன்றாமவர். அன்று அவர்கள் தேடியது செறிந்த ஒளியையே. இன்றோ அம்முறையாலாகிய லேசர், பார்வைக் குறை தீர்க்கும் கண் மருத்துவரின் கையில் கத்தியாய் விளங்குகிறது.

கத்தி என்றேன், அக்கத்தியின் இயல்பு நம் பகுதியினர் உள்ளத்தில் ஆழப் பதியத்தக்கது. வாணவெடி ஆலையில் உயிரைக் கொள்வது எது? உராய்வால் சூடு பிறக்கிறது, சூடு பரவுகிறது, பரவிய சூடு அடுத்த மணியைப் பற்றுகிறது. எல்லாம் சூடு பரவுவதற்குக் கிடைக்கும் பொழுதைப் பொறுத்தவை. அப்பொழுதையே கொடாமல் ஒரு பொருளை வெட்ட முடியுமானால்? 1990-களில் கலிபோர்னியாவிலுள்ள லாரன்சு லிவர்மோர் ஆய்வுக்கூடத்தார் இதனைச் செய்து காட்டினர். 100 பெம்டோ நொடி அளவே நீடிக்கும் லேசர்த் துடிப்புகளால் வெடிபொருளையே தீப்பற்றாமல் அறுத்தனர். அத்துடிப்புப் படும் மெல்லிய படலம், சூடு அண்டையிற் பரவுமுன் ஆவியாய்ப் பறந்துவிடுகிறது. எஞ்சிய பொருள் குளிர்ந்தே கிடக்கிறது. பல்லாயிரம் மடங்கு நீண்ட துடிப்பைக் கொண்டு அறுத்தபோதோ அப்பொருள் தீப்பற்றியது. பெம்டோ நொடிக்கும் அதனினும் நீண்ட பொழுதுக்கும் உள்ள வேறுபாடு ஏட்டுக் கணக்கு மட்டும் அன்று. உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட வேறுபாடு.

இக்கருவி நாளையே நம் ஆலைகளுக்கு வந்துவிடும் என்று நான் கூறவில்லை. அதன் விலையும் பெரிது, வழியும் நெடிது. ஆனால் 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை எவர் மறப்பர்? அதற்கு முன்னும் பின்னும் நேர்ந்தவை பல. ஒவ்வொரு முறையும் இரங்குகிறோம், உதவித் தொகை அளிக்கிறோம், பின்னர் மறக்கிறோம். இரக்கம் நல்லதே, ஆனால் இரக்கம் மட்டும் அடுத்த வெடிப்பைத் தடுத்ததில்லை. அறிவு தடுக்கும். கலவையில் இருப்பது நைட்ரேட்டா, குளோரேட்டா என்பதைத் தீண்டாமலே ஒளிபாய்ச்சி அறிய இராமன் விளைவு உதவுகிறது. அதற்கென்று கையில் ஏந்தும் கருவிகளும் உள்ளன. அவற்றை ஆள்வதற்கு அயலூரார் வரவேண்டுமா? மருந்தின் குணம் அறிந்த குடும்பத்திற் பிறந்த மகனும் மகளும் அல்லரோ அதற்குத் தக்கார்? அவர்தம் கைகள் நெடுநாள் ஆபத்தைத் தாங்கியவை. இனி ஆராய்ச்சியைத் தாங்கட்டும்.

இறுதியாக மொழியைப் பற்றி ஒரு சொல். “இத்தகைய நுண்பொருள்களைத் தமிழிற் கூற இயலாது” என்பர் சிலர். பெம்டோ என்னும் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? டேனிய, நார்வே மொழிகளில் பதினைந்து என்னும் எண்ணைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அதனைவிட ஆயிரம் மடங்கு சிறிய பொழுதுக்குரிய அட்டோ என்பது அம்மொழிகளின் பதினெட்டிலிருந்து வந்தது. அட்டோ நொடித் துடிப்புகளை ஆக்கிய மூவர் 2023-இல் நோபல் பரிசு பெற்றபோது, அச்சொல் உலகெங்கும் ஒலித்தது. தமிழ் பேசுவோரை நோக்க மிகச் சிலரே பேசும் மொழிகள் அவை. அவற்றின் எண்ணுப்பெயர் எல்லா ஆய்வுக்கூடங்களிலும் வழங்கும்போது, கீழ்முந்திரி வரை எண்ணிய மொழி நாணி ஒதுங்குவானேன்? பிறமொழிச் சொல் வேண்டுமிடத்தில் அதனை ஏற்போம். ஒளியிழை, துடிப்பு, சிதறல் என நம் சொல் பொருந்துமிடத்தில் நம் சொல்லை ஆள்வோம். சொல் எதுவாயினும், பொருள் மாணவன் உள்ளத்தில் தெளிவாய்ப் பதிதல் வேண்டும். தெளிவு பிறப்பது தாய்மொழியில் என்பது பல்லாண்டு பள்ளியிற் பணியாற்றிய என் துணிபு.

மாணவர்களே! ஒளியிழை மெல்லியது, ஆயினும் கண்டங்களை இணைக்கிறது. பெம்டோ நொடி சிறியது. ஆயினும் தீயினும் வலியது. சிறியவை என்று எவற்றையும் இகழாதீர். உங்கள் ஊரும் சிறிதே. உங்கள் பள்ளியும் சிறிதே. வத்திராயிருப்பும் ஒரு காலத்தில் அத்தகைய சிற்றூரே ஆகும். வானத்தில் ஒரு கணம் மலர்ந்து மறையும் வண்ணத்தை ஆக்கும் திறன் உங்கள் முன்னோர் தேடி வைத்த செல்வம். என்றும் மறையாத அறிவொளியை அதனோடு சேர்த்தல் நீங்கள் தேட வேண்டிய செல்வம். தீயைக் கற்ற நாடு ஒளியையும் கற்பதாகுக!